வரமா, வாரமா? சிலியில் ஒரு மிஷனரிப் பையனின் ஸ்பானிஷ்

ஊழியத்தின் பன்னிரண்டாவது வாரத்துத் திங்கட்கிழமை. தெற்கு சிலியில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம், விடாத மழை. பெட்ரோல் பங்கில் ஒரு காலி பிளாஸ்டிக் கேனோடு நிற்கிறான், அமெரிக்காவிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன். சட்டைப்பையில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் அவன் பெயரோடு, பெரிய எழுத்தில் இயேசு கிறிஸ்துவின் பெயர். பங்க் ஊழியர் கேட்கிறார்: "குவாந்தோ லெ எச்சோ?" எவ்வளவு ஊற்றட்டும் என்கிறார், அவ்வளவுதான். பையன் காதில் விழுந்ததோ "எச்சோஸ்". அப்போஸ்தலர் நடபடிகளுக்கு ஸ்பானிஷ் பைபிளில் அதுதான் பெயர். பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் வேதாகமத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ஸீ, ஸீ" என்று உற்சாகமாகத் தலையாட்டினான். ஊழியர் கேனை விளிம்புவரை நிரப்பிவிட்டார். கையில் இருந்த பணம் போதவில்லை.

முந்தின நாள் ஞாயிறு. அதே பையன் சபையில் எழுந்து நின்று, கையில் தாள் இல்லாமல், விசுவாசத்தைப் பற்றி ஸ்பானிஷில் எட்டு நிமிடம் பேசியிருந்தான்.

இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம்தான் இந்த ஆய்வின் பொருள்.

யார், எங்கே

அவன் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். வெளியே மார்மன் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்டர் என்றே எழுதுகிறேன். 24 மாத ஊழியத்தில் சுற்றியிருக்கிற எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கூட இருக்கிற துணைக்கே இவனுடைய முதல் பெயர் சில சமயம் மறந்துபோகும். இந்தச் சபை 2012 அக்டோபரில் ஆண்கள் ஊழியத்துக்குப் போகும் வயதை 19-லிருந்து 18 ஆகக் குறைத்தது. அதனால் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளம்பிவிட்டவர்களில் இவனும் ஒருவன். செலவைக் குடும்பமே ஏற்கிறது. அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து அது மாதம் 500 டாலர். எந்த நாடு, எந்த மொழி என்பதைச் சபைதான் முடிவு செய்கிறது. இவனுக்கு வந்த கடிதத்தில் சிலி, ஸ்பானிஷ் என்று இருந்தது. பள்ளியில் இரண்டு வருடம் ஸ்பானிஷ் எடுத்தவன்தான். ஆனால் அதை நம்பி ஒரு டீக்கடைக்குக்கூடப் போயிருக்க முடியாது.

என் கையில் இருப்பவை அவன் வாராவாரம் வீட்டுக்கு எழுதிய 60 கடிதங்கள். அவனும் அவன் அம்மாவும் சம்மதித்துக் கொடுத்தவை. ஒரே ஆள், அதுவும் அவனே தன்னைப் பற்றி எழுதியது. இதை வைத்து ஊருக்கெல்லாம் பொதுவாக எதையும் சொல்லிவிட முடியாது. இருந்தாலும், ஒரு மொழி ஒருவனுக்குள் எப்படி இறங்குகிறது என்பதை இப்படி வாரக் கணக்கில் பார்க்கிற வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

மெக்சிகோவில் ஆறு வாரம்

முதல் ஆறு வாரம் மெக்சிகோ நகரத்துப் பயிற்சி மையத்தில். முன்பு சபையின் பெனெமெரிதோ பள்ளி வளாகமாக இருந்த இடம். 2013-ல் அதை மிஷனரிப் பயிற்சி மையமாக மாற்றினார்கள். காலை ஆறரைக்கு எழுந்து இரவு பத்தரைக்குப் படுக்கை. நடுவில் வகுப்பு, வகுப்பு, இன்னும் வகுப்பு. ஆசிரியரே மதம் விசாரிக்க வந்த ஆளாக நடிப்பார். அவருக்குப் பாடம் நடத்த வேண்டும். முதல் வாரத்திலேயே அது ஆரம்பித்துவிடும். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கண்ட முதல் தரிசனத்தைச் சொல்லும் பத்தியை ஸ்பானிஷில் மனப்பாடம் செய்ய வேண்டும். தெரிந்த அளவுக்கு எப்போதும் ஸ்பானிஷிலேயே பேசு என்பது விதி.

இரண்டு விஷயங்கள் இங்கே நடந்தன. ஒன்று நல்லது, ஒன்று சிக்கல்.

நல்லது, பிரார்த்தனை. ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற இடம் சப்ஜங்டிவ் என்கிற வினை வடிவம். ஆசை, வேண்டுகோள், சந்தேகம் வந்தால் வினைச்சொல்லின் வால் மாறிவிடும். வகுப்புகளில் இதைக் கடைசியில்தான் தொடுவார்கள். எல்டரோ இரண்டாவது வாரத்திலேயே அதைத் தினமும் பத்து முறை சொல்லிக்கொண்டிருந்தான். "தெ பெதீமோஸ் கெ நோஸ் பெந்தீகாஸ்", எங்களை ஆசீர்வதிக்கும்படி கேட்கிறோம். சாப்பாட்டுக்கு முன், வகுப்புக்கு முன், படுக்கப் போகும் முன். அந்த வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாமல் அது நாக்கில் ஏறிவிட்டது. "நேற்று நான் சாப்பிட்டேன்" என்று சொல்ல வராது, "நீர் எங்களுக்கு உதவ வேண்டுமென்று" சொல்ல வரும். ஒரு மாதிரி தலைகீழ்ப் படிப்பு. ஆனால் பின்னால் இது ரொம்பக் கைகொடுத்தது.

சிக்கல், ஸ எழுத்து. மெக்சிகோ மேட்டுநிலத்து ஸ்பானிஷில் மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அழுத்தமாக விழும். தேய்வது உயிரெழுத்துதான். சிலியில் அப்படியே மாறும். சொல் முடிவிலும் இன்னொரு மெய்க்கு முன்னாலும் வருகிற ஸ, வெறும் மூச்சாகிவிடும். உயிருக்கு நடுவில் வருகிற த பல சமயம் காணாமலே போகும். ஆறு வாரம் மெக்சிகோ ஆசிரியர்களின் குரலில் காதைப் பழக்கிக்கொண்டு போய் இறங்கினால், ஏழாவது வாரம் யாரோ ரேடியோவைத் தண்ணீருக்குள் வைத்த மாதிரி இருந்ததாம். அவன் எழுதிய உவமைதான். "நான் படித்தது வேறு மொழி போல" என்று அந்தக் கடிதம் முடிகிறது.

இதற்கு ஒரு உதாரணம் போதும். பெக்காதோ என்றால் பாவம். பெஸ்காதோ என்றால் மீன். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் மிஷனரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பிழை இது. உங்கள் மீன்களுக்காக மனம் வருந்துங்கள் என்று சொல்லிவிட்டு, ஏன் சிரிக்கிறார்கள் என்று முழிப்பது. எல்டருக்கு இது மெக்சிகோவிலேயே சொல்லித் தரப்பட்டது, அவனும் உஷாராகத்தான் இருந்தான். ஆனால் சிலிக்காரர் வாயில் மீன் "பெஹ்காவோ", பாவம் "பெக்காவோ". வித்தியாசம் ஒரு மூச்சு. ஒரு வீட்டில் மதியம் என்ன சமையல் என்று அந்த அம்மா சொன்னதும், எல்டர் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு, கர்த்தர் மன்னிப்பார் என்று ஆறுதல் சொன்னான். மீன் வறுவலைத்தான் சொன்னார் அந்த அம்மா.

வாரம் ஓடும் விதம்

அவன் போய்ச் சேர்ந்தது பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். காலையில் படிப்பு: வேதாகமம், துணையோடு சேர்ந்து பாடத் தயாரிப்பு, அப்புறம் மொழி. பிறகு தெரு. கதவு தட்டுவது, வரச் சொன்னவர்கள் வீட்டுக்குப் போவது, அவர்கள் மறந்துபோய் வெளியே போயிருப்பது. மதிய உணவு சபை உறுப்பினர்களின் வீடுகளில், மாத அட்டவணைப்படி. மறுபடியும் தெரு. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை காம்பியோஸ் என்கிற இடமாற்றம். யாருக்கு எந்த ஊர், எந்தத் துணை என்பது அப்போது மாறலாம். துணையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்துக்குப் போகக் கூடாது என்பது மாறாத விதி. இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு பேர்.

கதவுகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பெரும்பாலும் திறக்காது. திறந்தாலும் "இப்போ நேரமில்லை". சிறுவர்கள் பின்னாலிருந்து "கனூத்தோ" என்று கத்துவார்கள். அகராதியில் குழாய் என்று இருந்தது, எல்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிலியில் அது சுவிசேஷக் கிறிஸ்தவர்களுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். ஸ்பெயினில் பிறந்து சிலித் தெருக்களில் பிரசங்கம் செய்து 1896-ல் இறந்த ஹுவான் பவுதிஸ்தா கனூத் தெ போன் என்கிற பிரசங்கியாரின் பெயரிலிருந்து வந்தது. உண்மையில் மார்மன்களுக்கு அது பொருந்தாத பட்டம். தெருப் பையன்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள். இவனுக்கு அது திங்கள். துணி துவைப்பது, முடி வெட்டுவது, காய்கறி வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது. 2019 பிப்ரவரியிலிருந்து அன்றைக்கு வீட்டாரோடு போனிலோ வீடியோவிலோ பேசவும் அனுமதி உண்டு. அதற்கு முன்னால் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். பெயர்தான் ஆயத்த நாள், அவன் மனதில் அது ஓய்வு நாள். அதாவது ஸ்பானிஷிலிருந்து ஓய்வு.

என் கணிப்பில் முதல் மூன்று மாதம் தேங்கியதற்குக் காரணமே இதுதான். முதல் 12 வாரம் அவனைப் பழக்கிய மூத்த துணையும் அமெரிக்கன். நல்ல பையன், பொறுமைசாலி. மிஷனரிகள் பேச்சில் பழக்குகிறவன் அப்பா, புதியவன் மகன். திங்கட்கிழமைகளில் அப்பாவும் மகனும் ஆங்கிலத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடைக்குப் போனாலும் அப்பாதான் பேசுவார். மகன் பையைத் தூக்குவான். ஆறு நாளும் எல்டர் பேசிய ஸ்பானிஷ் ஒரே வட்டத்துக்குள் சுற்றியது: விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், அடுத்து எப்போது வரலாம். தினமும் சொல்வதால் அந்த வட்டம் பளபளவென்று இருந்தது. வட்டத்துக்கு வெளியே ஒரு அடி வைத்தால் பள்ளம். ஊற்று, கட்டு, துடை, திருகு, ஒழுகுகிறது என்கிற மாதிரிச் சொற்கள் எதுவும் அவனிடம் இல்லை. எச்சார், அதாவது ஊற்று, என்கிற வினைச்சொல்லை ஒரு சிலிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே கிடையாது. பாடப் புத்தகத்தில் அது அவன் கண்ணில் பட்டதில்லை. அதனால்தான் பெட்ரோல் பங்கில் அப்போஸ்தலர்கள் வந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமையில் இன்னொரு குழப்பமும் இருந்தது. அவனை வாங்கி வரச் சொன்னது பாராஃபினா. அமெரிக்கனுக்குப் பாரஃபின் என்றால் மெழுகு. மெழுகுக்கு எதற்குக் கேன் என்று யோசித்துக்கொண்டேதான் போனானாம். சிலியில் பாராஃபினா மண்ணெண்ணெய். குளிர் அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு அது வேண்டும். கூடப் போன அப்பா பங்குக்குப் பக்கத்திலேயே நின்று போன் பேசிக்கொண்டிருந்ததால், அன்று மட்டும் மகன் தனியாக வாயைத் திறக்க நேர்ந்தது.

சண்டை

பத்தொன்பதாவது வாரம் துணை மாறியது. புதியவன் பெருவிலிருந்து வந்தவன், ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. எல்டரின் கடிதங்களில் அவனோடு இருந்த முதல் ஆறு வாரம்தான் வாசிக்கவே கஷ்டமான பகுதி. தனிமை. பக்கத்தில் ஒருவன் எப்போதும் இருக்கிறான், ஆனாலும் தனிமை. ஜோக் சொல்ல முடியவில்லை. அலுப்பைச் சொல்ல முடியவில்லை. "இங்கே நான் ஐந்து வயதுப் பிள்ளை" என்று எழுதினான்.

பிறகு பாத்திரச் சண்டை வந்தது. யார் எப்போது கழுவுவது என்பதில் ஆரம்பித்து ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்தார்கள். எல்டர் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று இரவு உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை நோட்டில் எழுதித் தயாராக வைத்திருந்தான். நான்காம் நாள் காலை அடுப்படியில் எண்ணெய் வாணலி அப்படியே கிடந்ததைப் பார்த்ததும் நோட்டையெல்லாம் மறந்துவிட்டான். "கியேரோ கெ லாவெஸ்", நீ கழுவ வேண்டும், நீ, நான் இல்லை, நேற்றும் நான்தான், முந்தாநாளும் நான்தான். பெருக்காரன் வாயடைத்து நின்றான். அப்புறம் சிரித்தான். பிழையில்லாத சப்ஜங்டிவ். பிரார்த்தனையில் நாக்கில் ஏறிய அதே வடிவம், வாணலி விஷயத்தில் முதல் முறையாக வெளியே வந்தது. "கடவுளிடம் கேட்பதும் அவனிடம் கேட்பதும் ஒரே இலக்கணம்தான் போல" என்று அந்த வாரக் கடிதத்தில் இருக்கிறது. 60 கடிதங்களில் எனக்குப் பிடித்த வரி.

ஒருமை, மரியாதை விஷயமும் இங்கேதான் தெளிந்தது. நம்மைப் போலவே ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் உண்டு: தூ, உஸ்தெத். கடவுளைக் கூப்பிடுவது தூ. கதவைத் திறக்கும் பெரியவரிடம் உஸ்தெத். நாள் முழுக்கப் பிரார்த்தனையில் தூ சொல்லிப் பழகிய வாய், பாட்டிமாரிடமும் நீ, வா, போ என்று இறங்கிவிடும். வேதாகமத்திலோ மூன்றாவதாக வொசோத்ரோஸ் வேறு, பலரைச் சேர்த்துக் கூப்பிடும் நீங்கள். சிலித் தெருவில் அதைச் சொன்னால் வேடிக்கை பார்ப்பார்கள். போதாததற்கு இளைஞர்கள் தங்களுக்குள் "கோமோ எஸ்தாய்", "கச்சாய்" என்று இன்னொரு வால் வைத்திருக்கிறார்கள். கச்சாய் என்றால் புரியுதா. வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில் ஒட்டுகிற போ என்கிற அசைக்கு அர்த்தமே இல்லை, ஆனால் அது இல்லாமல் பேசினால் வெளியூர்க்காரன். எல்டர் போவைப் பிடித்துக்கொண்டான். கச்சாய் வேண்டாம் என்று சபைப் பெரியவர் ஒருவர் மென்மையாகச் சொல்லிவிட்டார்.

சந்தை

பெருக்காரத் துணைக்குச் சமையல் ஆசை. அதனால் திங்கட்கிழமைகள் இப்போது காய்கறிச் சந்தையில். சிலியில் அதற்கு ஃபேரியா என்று பெயர். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரையொருவர் கசேரோ, கசேரா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். வாடிக்கை என்கிற உறவைச் சொல்லும் சொல். முதல் வாரங்களில் எல்டரை உருளைக்கிழங்கு விற்கும் அம்மா கிரிங்கோ, அதாவது வெளிநாட்டுக்காரன், என்றுதான் கூப்பிட்டார். "தோஸ் லூகாஸ்" என்றார். லூகாஸ் என்றால் அவனுக்கு லூக்கா சுவிசேஷம். சந்தையில் லூகா என்றால் ஆயிரம் பெசோ. இப்போது அவன் ஏமாறவில்லை, இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு நின்றான். துணை முழங்கையால் இடித்து, "யாப்பா கேள்" என்றான். யாப்பா என்றால் கொசுறு.

அதைக் கேட்க அவனுக்கு மூன்று திங்கட்கிழமை ஆனது. சொல் தெரியும். எந்தத் தொனியில் கேட்பது என்று தெரியவில்லை. கெஞ்சலாகக் கேட்டால் பிச்சை, அதட்டலாகக் கேட்டால் வம்பு. பக்கத்துப் பெண்மணிகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனித்தான். அவர்கள் கேட்பதே இல்லை. பையை மூடாமல் திறந்தபடி பிடித்துக்கொண்டு, மகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்கிறார்கள். நான்காவது திங்கள் அவனும் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு மழையைப் பற்றி ஏதோ சொன்னான், கடைசியில் ஒரு போ சேர்த்து. அம்மா கொத்தமல்லிக் கட்டு ஒன்றை எடுத்துப் பையில் போட்டு, "தோமெ, கசெரீத்தோ" என்றார். கிரிங்கோ போய்விட்டது.

இது 28-ஆவது வாரம். இதற்குப் பிறகு கடிதங்களின் ஆங்கிலமே மாறுகிறது. அல்முவெர்ஸோ, மீக்ரோ, குவாகுவா எல்லாம் விளக்கமில்லாமல் வருகின்றன. அல்முவெர்ஸோ மதிய உணவு. குவாகுவா கியூபாவில் பஸ், சிலியில் கைக்குழந்தை. சிலியில் பஸ்ஸுக்கு மீக்ரோ. அவன் அம்மா ஒன்றும் புரியாமல் வீடியோவில் கேட்டால், எல்டருக்கு ஆங்கிலச் சொல் உடனே வராமல் இரண்டு நொடி முழிக்கிறான். அந்த அம்மா கொஞ்சம் பயந்தே போனார்.

பிழைகள் நிற்கவில்லை, தரம் மாறியது. ஒரு வீட்டில் ஒன்செ சாப்பிட வரச் சொன்னதைப் பதினொரு மணி என்று டைரியில் குறித்தது 8-ஆவது வாரம். எண் பதினொன்றும் ஒன்செதான், மாலைச் சிற்றுண்டியும் ஒன்செதான். 33-ஆவது வாரம் அதே மாதிரி ஒரு ஒன்செயில் ரொட்டியும் பால்தாவும், அதாவது அவகாடோவும், வைத்துவிட்டுத் தேநீர் ஊற்ற வந்த பாட்டியிடம், தேநீரும் காபியும் தங்களுக்கு விலக்கு என்பதை அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டியிருந்தது. மனப்பாட வாக்கியம் இருந்தது, அதைச் சொல்லவில்லை. "எங்க பாட்டி இருந்தா இதை என்கிட்டேருந்து பிடுங்கியிருப்பாங்க" என்றான். பாட்டி சிரித்துவிட்டு வெந்நீரில் மூலிகை போட்டுக் கொடுத்தார்.

கணிப்பு

எல்டர் இதை வரம் என்கிறான். பாஷை வரம் என்பது அவன் சபையில் உள்ள நம்பிக்கை, மிஷனரிகள் அதை உண்மையாகவே எதிர்பார்க்கிறார்கள். அவனோடு நான் வாதாடப் போவதில்லை. என் கண்ணுக்குத் தெரிவது வாரம். ஒரே சந்தை, ஒரே அம்மா, ஒரே நாள், திரும்பத் திரும்ப. காலையில் மேஜையில் உட்கார்ந்து படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். பிரார்த்தனை இல்லாவிட்டால் அந்த வாணலி வாக்கியம் இல்லை. ஆனால் அது உள்ளே பூட்டிக் கிடந்தது. அவன் ஓய்வு என்று நினைத்த நாளில், யாரையும் எதற்கும் மாற்ற முயலாமல், கிழங்கும் மண்ணெண்ணெயும் மட்டுமே வேண்டியிருந்த நேரத்தில் அது திறந்தது. கதவு தட்டும்போது அவன் பேசினான். சந்தையில் அவன் கேட்டான். அவனுக்கு ஆரம்பத்திலேயே ஆங்கிலம் தெரியாத துணை கிடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் நடந்திருக்குமா? இருக்கலாம். முதல் மாதத்திலேயே மூட்டை கட்டி வீட்டுக்குக் கிளம்பியும் இருக்கலாம். பழக்கிய அந்த அமெரிக்கத் துணையின் பொறுமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

55-ஆவது வாரம் எல்டரே பழக்குகிறவன் ஆனான். மெக்சிகோவிலிருந்து நேரே ஒரு மகன் வந்து இறங்கினான். மே மாதம், குளிர் திரும்பிவிட்டது. முதல் திங்கட்கிழமை இரண்டு பேரும் பெட்ரோல் பங்குக்குப் போனார்கள். எல்டர் கேனையும் ஐந்தாயிரம் பெசோவையும் அவன் கையில் கொடுத்துவிட்டு, பார்வைக்கும் காதுக்கும் எட்டுகிற தூரம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப் போய், பாக்கெட்டில் கைகளை விட்டுக்கொண்டு நின்றான். ஊழியர் கேட்டார்: "குவாந்தோ லெ எச்சோ?" மகன் திரும்பிப் பார்த்தான். எல்டர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.